ஒரே சேலை, பல நாணயங்கள்: இணையக்கடையில் உள்ளூர் நாணய விலை

காஞ்சிபுரத்திலிருந்து பட்டுச் சேலை விற்கும் ஓர் இணையக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு சேலையின் விலை ₹12,500. சென்னையில் இருப்பவருக்கு இந்த எண் பார்த்த மாத்திரத்தில் புரியும். வாங்கலாமா, கைக்கு மீறியதா என்று அவர் நொடியில் முடிவெடுத்துவிடுவார். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து, ரூபாயில் ஒருநாளும் கணக்குப் பார்த்திராதவருக்கு அது வெறும் எண். அதன் மதிப்பை அறிய அவர் கைப்பேசியில் இன்னொரு பக்கத்தைத் திறந்து மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படிப் போனவர் கடைக்குத் திரும்பி வருவார் என்று சொல்வதற்கில்லை. கடையே அவருக்கு சிங்கப்பூர் டாலரில் விலையைக் காட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

கேட்பதற்கு இது ஒரு வகுத்தல் கணக்கு போலத் தோன்றும். இதில் இறங்குபவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, ஒரு விலையை வாடிக்கையாளரின் நாணயத்தில் காட்டுவது வேறு, அந்த நாணயத்தில் வசூலிப்பது வேறு என்பதைத்தான். முதல் வகையில், பக்கத்தில் தெரியும் சிங்கப்பூர் டாலர் தொகை ஒரு தோராயம் மட்டுமே. பணம் செலுத்தும் கட்டத்தில் கடை ரூபாயில்தான் கேட்கும், வாடிக்கையாளரின் வங்கி அதைத் தன் கணக்குப்படி மாற்றிக்கொள்ளும். இரண்டாவது வகையில், பக்கத்தில் எந்தத் தொகை தெரிந்ததோ அதே தொகைதான் அவருடைய அட்டையிலிருந்து எடுக்கப்படும். ரூபாயாக மாற்றும் பொறுப்பும் அதிலுள்ள லாப நட்டமும் கடையின் பக்கம் வந்துவிடும். புதிதாகக் கடை திறப்பவர்களிடம் நான் காணும் குழப்பங்களில் பெரும்பாலானவை, இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வதிலிருந்தே முளைக்கின்றன.

கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு சிங்கப்பூர் டாலர் ₹65 என்று வைத்துக்கொள்வோம் (உண்மையான மதிப்பு நாள்தோறும் மாறும், இங்கே வரும் மாற்று விகிதங்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை). 12,500-ஐ 65-ஆல் வகுத்தால் 192.31 டாலர் கிடைக்கும். கடை இதைக் காட்டுகிறது, வாடிக்கையாளரும் 192.31 என்று மனத்தில் பதித்துக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார். வசூல் ரூபாயில் நடக்கிறது. அவருடைய வங்கி அயல்நாட்டுப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பதாக இருந்தால், மாதக் கடைசியில் அட்டைக் கணக்கு அறிக்கையில் 198.08 டாலர் என்று வரும். கிட்டத்தட்ட ஆறு டாலர் கூடுதல். அதில் ஒரு காசுகூடக் கடைக்குப் போகவில்லை என்றாலும், வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிவது கடையின் பெயர்தான். கோபமும் கடையின் மேல்தான் வரும். ஆகவே காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் கடைகள், விலைக்குப் பக்கத்திலேயே "தோராயமாக" என்ற சொல்லையும், பணம் செலுத்தும் பக்கத்தில் "₹12,500 வசூலிக்கப்படும்" என்ற வரியையும் தெளிவாகப் போட வேண்டும். பக்கத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் போட்டால் போதாது.

இனி வசூலையும் டாலரிலேயே செய்வதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் 192.31 டாலர் செலுத்துகிறார். அந்தப் பணம் கடைக்காரரின் கணக்கில் பெரும்பாலும் ரூபாயாகத்தான் வந்து சேரும். கடை எந்த நாணயத்தில் விலையை நிர்ணயிக்கிறதோ அது அடிப்படை நாணயம், வாடிக்கையாளர் எதில் செலுத்துகிறாரோ அது வசூல் நாணயம், கடைக்காரரின் வங்கிக்கு எதில் வந்து சேர்கிறதோ அது தீர்வு நாணயம். இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வசூல் நாணயத்திலிருந்து தீர்வு நாணயத்துக்கு மாற்றித் தரும் கட்டணச் சேவை நிறுவனம், மாற்றுவதற்கென்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அது 2 சதவீதம் என்றால், 192.31 டாலர் ₹12,250 ஆகத்தான் கையில் கிடைக்கும். ₹12,500-க்கு விற்றதாக நினைத்த சேலையில் ₹250 காணாமல் போய்விட்டது. அட்டைக் கட்டணம் தனி. இதற்காகத்தான் மாற்று விகிதத்தின் மேல் இரண்டு, மூன்று சதவீதம் சேர்த்து விலை வைக்கிறார்கள். 192.31-உடன் 3 சதவீதம் சேர்த்து 198.08, அதை முழுமைப்படுத்தி 199 டாலர். மாற்றும் செலவு போக இதில் சுமார் ₹12,676 வந்து சேரும். வாடிக்கையாளருக்கும் இதில் பெரிய நட்டம் இல்லை; அதே மூன்று சதவீதத்தை அவருடைய வங்கி எடுத்துக்கொண்டிருக்கும், கூடவே விலை முன்கூட்டியே தெரியாத எரிச்சலும் இருந்திருக்கும்.

மாற்று விகிதம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது எந்த விகிதம்? விமான நிலையத்தில் நாணயம் மாற்றும் கவுண்ட்டரின் பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒவ்வொரு நாணயத்துக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு எண்கள் இருக்கும். தேடுபொறியில் தட்டினால் வருவது பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தை மதிப்பு. அந்த விகிதத்தில் சாதாரணக் கடைக்கோ வாடிக்கையாளருக்கோ யாரும் பணம் மாற்றித் தருவதில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலைநாளும் மாலை 4 மணி அளவில் (மத்திய ஐரோப்பிய நேரப்படி) யூரோவுக்கான மேற்கோள் விகிதங்களை இலவசமாக வெளியிடுகிறது. பல சிறு கடைகளின் நிரல்கள் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஆனால் அந்த வங்கியே, இவை தகவலுக்காக மட்டுமே, பரிவர்த்தனைக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லித்தான் வெளியிடுகிறது. தோராய விலை காட்ட அது தாராளமாகப் போதும். வசூலிக்கும் விலைக்கு, உங்கள் கட்டணச் சேவை நிறுவனம் உண்மையில் எந்த விகிதத்தில் மாற்றித் தருகிறதோ அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

விகிதத்தை எவ்வளவு அடிக்கடி புதுப்பிப்பது என்பது நாணயத்தைப் பொறுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. சவுதி ரியால் 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய்க்கு எதிராக இவை டாலரின் நிழல் போலவே நகரும் என்பதால், டாலரைக் கவனித்தால் இவற்றையும் கவனித்ததாகிவிடும். இதற்கு நேர்மாறான காட்சியை 2022-இல் இலங்கையில் கண்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டாலர் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் அது 360-ஐத் தொட்டது. அந்த நாட்களில் இலங்கை ரூபாயில் விலையைக் கையால் எழுதி வைத்துவிட்டு மறந்துபோன ஒரு வெளிநாட்டுக் கடை, ஏறக்குறையப் பாதி விலைக்குப் பொருளைக் கொடுத்திருக்கும். நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது பெரும்பாலான நாணயங்களுக்குப் போதுமானது. அதோடு, விகிதம் குறிப்பிட்ட அளவுக்கு மேல், ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம், விலகினால் கடைக்காரருக்கு எச்சரிக்கை வரும்படி செய்துகொள்வது நல்லது.

தானாக மாறிக்கொண்டே இருக்கும் விலைக்கு ஒரு குறை உண்டு. திங்களன்று 198.08, செவ்வாயன்று 197.64, புதனன்று 198.91 என்று தினம் ஒரு விலை காட்டும் கடையில் மனிதர்கள் நம்பிக்கையோடு வாங்குவதில்லை. கூடைக்குள் போட்ட பிறகு விலை மாறினால் இன்னும் மோசம். ஆகவே ஒருவர் பொருளைக் கூடையில் இட்டவுடன் அந்த விகிதத்தைச் சில மணி நேரத்துக்காவது பூட்டி வைப்பதும், கணக்கிட்ட தொகையைப் பார்வைக்கு இயல்பான எண்ணாக முழுமைப்படுத்துவதும் வழக்கம். அந்த இயல்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் ஊரில் "பாட்டா விலை" என்று கேலி செய்தாலும் 999 என்ற எண் நமக்குப் பழகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் மிகச் சிறிய நாணயம் 5 ராப்பன் (0.05 பிராங்க்) என்பதால் அங்கே 19.99 என்ற விலை வெளியூர்க்காரனைப் போல விழிக்கும், 19.90 அல்லது 19.95 என்பதே ஒத்துப்போகும்.

என் தனிப்பட்ட கருத்து, சிறு கடைக்கு நூறு நாணயங்களில் தானியங்கி விலை தேவையே இல்லை. உங்களுக்கு உண்மையில் ஆர்டர் வரும் மூன்று, நான்கு நாடுகளுக்கு மட்டும் கையால் விலை நிர்ணயித்து, மாதம் ஒருமுறை உட்கார்ந்து திருத்தினாலே போதும். சிங்கப்பூரில் 199, மலேசியாவில் 649 என்று நிலையான விலை இருந்தால் விளம்பரத்திலும் அச்சிடலாம், வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கும் சொல்லலாம். மற்ற நாட்டினருக்குத் தோராய விலையைக் காட்டி ரூபாயில் வசூலித்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

அடுத்தது தசமப் புள்ளி. பார்ப்பதற்கு அற்பமான இந்தப் புள்ளியால்தான் இத்துறையில் மிகப் பெரிய தொகைகள் கை தவறிப் போகின்றன. ரூபாய்க்கு நூறு பைசா, டாலருக்கு நூறு சென்ட் என்பதால் எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஜப்பானிய யென்னுக்கும் தென்கொரிய வோனுக்கும் நடைமுறையில் தசமமே இல்லை. குவைத் தினார், பஹ்ரைன் தினார், ஓமான் ரியால் ஆகியவற்றுக்கு மூன்று தசம இடங்கள். ஒரு குவைத் தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். மொரித்தானியாவின் உகியா இன்னும் விசித்திரம், அது ஐந்தாகப் பிரிகிறது. கட்டணச் சேவைகள் பெரும்பாலும் தொகையை மிகச் சிறிய அலகில்தான் கேட்கும். ₹12,500 என்பதை 12,50,000 பைசா என்றுதான் அனுப்ப வேண்டும். இப்போது ஒரு குவைத் தினார் ₹280 என்று கொண்டால் நம் சேலை 44.643 தினார், அதாவது 44,643 ஃபில்ஸ். நிரல் எழுதியவர் வழக்கம்போல நூறால் பெருக்கி 4,464 என்று அனுப்பினால், சேவை அதை 4,464 ஃபில்ஸ் என்றே எடுத்துக்கொண்டு 4.464 தினாரை வசூலிக்கும். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சேலை ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்க்குப் போய்விடும். ஜப்பானில் இதற்கு எதிர்த்திசையில் நடக்கும்: 20,833 யென் கேட்க வேண்டிய இடத்தில் நூறால் பெருக்கி 20,83,300 யென் கேட்டால், நல்லவேளையாக அட்டை வரம்பு தடுத்துவிடும், ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார்.

இதோடு சேர்ந்த இன்னொரு நுணுக்கம்: பணத் தொகையைக் கணினியில் தசம எண்ணாகச் சேமிக்கக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். கணினி இரும எண்ணில் கணக்குப் பார்ப்பதால் வரும் பிசகு இது. தொகையைப் பைசாவாகவோ ஃபில்ஸாகவோ முழு எண்ணில் வைத்து, அதன் பக்கத்தில் நாணயத்தின் குறியீட்டையும் வைத்துவிட்டால் பிசகு நெருங்காது. அந்தக் குறியீடுகளை ஐஎஸ்ஓ 4217 என்ற பன்னாட்டுத் தரநிலை வரையறுத்திருக்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்து நாட்டையும் மூன்றாவது எழுத்து நாணயத்தையும் குறிக்கும்: இந்திய ரூபாய் ஐஎன்ஆர், இலங்கை ரூபாய் எல்கேஆர், சிங்கப்பூர் டாலர் எஸ்ஜிடி, மலேசிய ரிங்கிட் எம்ஒய்ஆர். எந்த நாணயத்துக்கு எத்தனை தசம இடம் என்பதும் அதே தரநிலையில் இருக்கிறது.

குறியீடு எதற்கு, சின்னம் போதாதா என்று கேட்கலாம். $ என்ற சின்னத்தை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ¥ ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பொது. தமிழில் எழுதும் கடைக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. "ரூ. 12,500" என்று தமிழில் எழுதினால் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் அதை இலங்கை ரூபாய் என்றே படிப்பார், ஓர் இந்திய ரூபாய் மூன்றரை இலங்கை ரூபாய் என்றால் அவருடைய கணக்கில் அதன் உண்மை விலை 43,750. "வெள்ளி" என்ற சொல்லும் அப்படித்தான். சிங்கப்பூர்த் தமிழர் தம் டாலரை வெள்ளி என்கிறார், மலேசியத் தமிழரும் ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்வதுண்டு. ஜொகூர் பாலத்தின் இக்கரையிலும் அக்கரையிலும் "199 வெள்ளி" என்பது ஒரே தொகை அல்ல. இந்திய ரூபாய்க்கு ₹ என்ற தனிச் சின்னம் 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை ஒப்புதலோடு வந்ததால் நம் பக்கத்துச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது; அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆனாலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சின்னத்தோடு "இந்திய ரூபாய்", "சிங்கப்பூர் டாலர்" என்று முழுப் பெயரையோ மூன்றெழுத்துக் குறியீட்டையோ சேர்த்தே எழுத வேண்டும்.

எண்ணை எழுதும் முறையும் மாறும். நமக்கு 1,00,000, சிங்கப்பூரில் அதுவே 100,000. ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறி 1.234,56 € என்று வரும். இதைக் கையால் எழுத முயல வேண்டாம். இன்றைய உலாவிகளிலேயே நாட்டையும் நாணயத்தையும் சொன்னால் சரியாக வடிவமைத்துத் தரும் வசதி இருக்கிறது.

வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைக் கடை எப்படி அறியும்? அவருடைய இணைய முகவரி எனப்படும் ஐபி எண்ணைக் கொண்டு நாட்டை ஊகிப்பதே பொதுவான வழி. ஊகம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் சேவையைப் பயன்படுத்துபவர் வேறு நாட்டில் இருப்பதாகத் தோன்றும்; துபாயில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு மதுரை வந்திருப்பவர் இந்தியாவில் வசிப்பவராகத் தெரிவார், ஆனால் அவரிடம் இருப்பது அமீரகத்து அட்டை. உலாவியின் மொழியை வைத்து நாணயத்தை முடிவு செய்வது அதைவிடத் தவறு: தமிழில் படிப்பவர் சென்னையிலும் இருக்கலாம், கொழும்பிலும் இருக்கலாம், டொராண்டோவிலும் இருக்கலாம். ஆகவே ஊகித்த நாணயத்தை முதலில் காட்டி, மேலே கண்ணில் படும் இடத்தில் அதை மாற்றிக்கொள்ளும் பட்டியலை வைத்து, ஒருவர் ஒருமுறை மாற்றிவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொள்வதே முறை. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவரைக் கடையின் வேறு நாட்டுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதே கூடாது.

வரியைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் அதிகபட்சச் சில்லறை விலை என்பது எல்லா வரியும் உட்பட்டது. ஐரோப்பாவிலும் நுகர்வோருக்குக் காட்டும் விலையில் மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்பனை வரி பணம் கட்டும்போதுதான் சேரும். ரூபாய் விலையை அப்படியே வகுத்துக் காட்டிவிட்டு, வரியும் சுங்கமும் உள்ளடக்கமா இல்லையா என்று சொல்லாமல் விட்டால், பொதி வீட்டு வாசலுக்கு வந்த பிறகு தகராறு தொடங்கும்.

திருப்பித் தரும் பணம் பலர் கடைசியில் நினைத்துப் பார்க்கும் விஷயம். 199 டாலர் செலுத்தியவர் சேலையைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு 199 டாலரே திரும்ப வேண்டும், அன்றைய விகிதம் எதுவாக இருந்தாலும். விற்ற நாளில் டாலர் ₹65, மாற்றும் செலவு போகக் கடைக்கு வந்தது ₹12,676. மூன்று வாரம் கழித்து டாலர் ₹67 ஆகியிருந்தால் 199 டாலரைத் திருப்பிக் கொடுக்க ₹13,333 வேண்டும். பொருளும் விற்கவில்லை, கையிலிருந்து ₹657-ம் போயிற்று. ரூபாயில் வசூலித்திருந்தால் இந்த நட்டம் கடைக்கு வராது. ஆனால் ரூபாய் வீழ்ந்திருக்கும் அந்த நேரத்தில், வாடிக்கையாளருக்குத் தான் கட்டியதைவிடக் குறைவான டாலர் திரும்பி வரும். ஒரு வெளிநாட்டுக் கடையில் வாங்கித் திருப்பிய புத்தகத்துக்கு எனக்கே நூற்றுச் சொச்சம் ரூபாய் குறைந்து வந்தபோது, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சிறிது நேரம் திகைத்தேன். ஒவ்வொரு ஆர்டரோடும் மூன்றைச் சேமித்து வைக்க வேண்டும்: வசூலித்த தொகை, அதன் நாணயம், அன்று பயன்படுத்திய விகிதம். பின்னால் யார் கேட்டாலும் பதில் சொல்ல அந்த மூன்றும் வேண்டும்.

வூகாமர்ஸ் போன்ற இணையக்கடை மென்பொருள்கள் அடிப்படையில் ஒரே நாணயத்தில் இயங்குபவை; பல நாணயங்களுக்குக் கூடுதல் செருகுநிரல் (மென்பொருளோடு சேர்த்து நிறுவும் துணை நிரல்) வேண்டும். செருகுநிரல்களில் பல, காட்டுவதை மட்டுமே செய்து, வசூலைப் பழைய நாணயத்திலேயே விட்டுவிடும். எது என்பதை விளம்பர வாசகத்தை நம்பி முடிவு செய்யாமல், நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு உறவினரையோ நண்பரையோ அழைத்து, கடையிலேயே விலை குறைந்த பொருளை அவருடைய சொந்த அட்டையில் வாங்கச் சொல்லுங்கள். பொருள் பக்கம், கூடை, பணம் செலுத்தும் பக்கம், உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஆகிய நான்கிலும் தெரிந்த தொகையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். சில நாள் கழித்து அவருடைய அட்டைக் கணக்கு அறிக்கையில் வந்த தொகையையும், உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்த ரூபாயையும் அவற்றின் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அதே ஆர்டரை ரத்து செய்து, பணம் எவ்வளவாகத் திரும்புகிறது என்றும் பாருங்கள். இந்த எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், உங்கள் கடை விலையைக் காட்ட மட்டும் செய்கிறதா, அதே விலையில் வசூலும் செய்கிறதா என்பது வெளிப்பட்டுவிடும்.